மாடி வீட்டுக்காரருக்குத் தொப்பை இல்லை

முதலில் கடித்தது இடது கால் ஷூ. வலது கால் ஷூ கொஞ்சம் நல்ல மாதிரி. ஏரிக்கரைத் திருப்பம் வரும்வரை பொறுத்திருந்துவிட்டு அப்புறம்தான் கடித்தது.

பெனிட்டோ நொண்டிக்கொண்டே போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். கொரட்டூரில் பால் பாக்கெட் போடுகிறவர்களைத் தவிர இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியின் ஸ்டோர்ஸையே கட்டி மேய்க்கிற மனுஷன், இந்நேரம் போர்வைக்குள் நிம்மதியாகக் கிடக்க வேண்டியவர், புது ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குதிகாலை ஊதிக்கொண்டிருந்தார். "ஒரு சைஸ் கம்மிதான் சார், போடப் போட இளகிடும்" என்று சொல்லி விற்ற கடைக்காரனை மனசுக்குள் நன்றாக வாழ்த்தினார்.

அப்போது பார்த்துப் பின்னாலிருந்து ஓட்டச் சத்தம் கேட்டது.

"குட் மார்னிங்ங்க பெனிட்டோ சார்! என்னங்க, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க?"

ஞானசேகரன். அதே அடுக்குமாடியில் பெனிட்டோவுக்கு இரண்டு மாடி மேலே குடியிருக்கிறவர். ஈரோட்டுக்காரர், ஐ.டி. கம்பெனி வேலை. பதிலுக்குக்கூட நிற்கவில்லை. ஓடிக்கொண்டே கேட்டார், ஓடிக்கொண்டே போய்விட்டார்.

"ஷூல கல்லு பூந்துடுச்சி சார்" என்று பெனிட்டோ அவருடைய முதுகிடம் சொன்னார்.

அந்த முதுகைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. முன்பக்கம் அதைவிடப் பிடிக்காது. நாற்பத்தைந்து வயசில் ஒரு ஆளுக்குச் சட்டைப் பொத்தான் எல்லாம் மேலிருந்து கீழே ஒரே நேராக இறங்கினால் பார்க்கிறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா? பெனிட்டோவுக்கு எரிந்தது. எரிவதற்கு வயிறும் தாராளமாக இருந்தது.

இத்தனைக்கும் காரணம் அவர் மனைவி ரோஸிதான். போன மாசம்வரை பெனிட்டோவின் காலை நேரம் சொர்க்கம் மாதிரி நடந்துகொண்டிருந்தது. எழுந்திருப்பார், காபி கேட்பார், போனில் வீடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இன்னொரு காபி கேட்பார். சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்று சட்னிக்கு உப்பு எவ்வளவு போடலாம் என்று ரோஸிக்கு யோசனை சொல்வார். அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ரோஸி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஞானசேகரன் சார் கெளம்பிட்டாரு பாருங்க. தெனம் ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஓட்டம். இன்னா உடம்பு, இன்னா ஒழுக்கம்!"

"ஊட்ல பொண்டாட்டி தொல்லை தாங்காம ஓடறாரு."

"உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல பாருங்க, அதான் இப்படி உருண்டுகினு கீறீங்க."

மறுநாள், "அவருக்கும் உங்க வயசுதானாம்" என்றாள். அதற்கு மறுநாள் தோசையைத் திருப்பிப் போட்டபடி அவள் சொன்னதுதான் பெனிட்டோவின் நெஞ்சில் போய்க் குத்தியது.

"லோகநாயகி குடுத்து வெச்சவ."

லோகநாயகி என்பது ஞானசேகரனின் மனைவி. அவள் கொடுத்து வைத்தவளாம்! பெனிட்டோ தோசையைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோஸியைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னது உண்டா? யாரும் சொல்ல வேண்டாம், ரோஸியாவது சொன்னாளா? அன்றைக்கு முடிவு பண்ணினார். அதே ஜன்னலில் நின்று, அதே பெருமூச்சோடு, ரோஸி தன்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாயைப் பிளக்க வேண்டும். அதற்கு ஏரியைச் சுற்றுவதென்ன, ஏரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவும் தயார்.

அதற்குத்தான் ஷூ. ஷூதான் இப்படிக் கடித்துவிட்டது.

மறுநாள் ஷூவைத் தொடவில்லை. வெறுங்காலோடு இறங்கினார். ரோஸி ஜன்னலிலிருந்து, "இன்னாங்க, செருப்புகூட இல்லாமயா?" என்றாள். "பழைய காலத்து ஆளுங்க எல்லாம் ஷூ போட்டுகினா நடந்தாங்க?" என்று கெத்தாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதி வழியில் முள் குத்தியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அதற்கடுத்த நாள் நடந்தது. ஏரிக்கரையில் ஞானசேகரனும் வெறுங்காலோடு வந்து நின்றார்.

"மண்ணுல கால் படறது ரொம்ப நல்லதுங்களாமா, சார். இன்னையிலிருந்து நானும் ஷூவை விட்டுட்டனுங்க."

அடப்பாவி! ஒரு மனுஷன் கால் புண்ணாகி வெறுங்காலோடு வந்தால் அதையும் காப்பி அடிப்பதா? பெனிட்டோவுக்குக் காதில் புகை வந்தது. இந்த ஆள் எழுந்திருப்பதற்கு முன்னால் தான் ஏரியைச் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று நன்றாக இருட்டாக இருக்கும்போதே கிளம்பத் தொடங்கினார்.

இருட்டில் கிளம்பினால் நாய். ஸ்டேஷன் ரோட்டு நாய்களுக்குத் தொப்பையோடு ஓடுகிறவர்களைக் கண்டால் அப்படி ஒரு சந்தோஷம். முதல் நாள் பெனிட்டோ தன் வாழ்க்கையிலேயே வேகமாக ஓடினார், ஆனால் பார்க்க ரோஸி இல்லை. மறுநாள் ஒட்டடைக் கம்பின் நுனியிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் கம்பை எடுத்துக்கொண்டார். வேர்வை துடைக்க வெள்ளைத் துண்டு கேட்டார்.

"தெனம் ஒரு துண்டு யார் தொவைக்கறது? அழுக்கு தெரியாத கலரா ஒண்ணு தர்றேன்" என்று ரோஸி பீரோவிலிருந்து ஒரு காவித் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகஸ்ட் வந்தால் சென்னையிலிருந்து வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக நடந்தே போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். காவித் துணி, வெறுங்கால், சிலர் கையில் கம்பு. பெனிட்டோவுக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணுக்கு ஞானசேகரனைத் தவிர வேறெதுவும் தெரியாத காலம் அல்லவா?

கிறிஸ்துதாஸ் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்தத் தெருக்களின் அன்பியப் பொறுப்பாளர். வீடு வீடாக ஜெபக் கூட்டம் வைப்பது, பூசைக்கு வராதவர்களை விசாரிப்பது எல்லாம் அவர் வேலை. விடியற்காலைப் பூசைக்குப் போனவர், ஏரிக்கரையில் வெறுங்காலும் கம்பும் காவித் துண்டுமாக உதடு அசைய நடந்து வந்த பெனிட்டோவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாதாவே! பெனிட்டோ, நீயா? வேளாங்கண்ணி நடைக்கா ரெடி ஆவற? ஜெபமாலை வேற சொல்லிகினு வர்றியேப்பா!"

ஜெபமாலையா? பெனிட்டோவின் வாயில் இருந்தது அத்தனையும் ஞானசேகரனைப் பற்றிய வசவு. அதைக் கோயில் பக்கம் சொல்ல முடியாது.

"அது வந்துண்ணே..." என்று உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். இருட்டில் கிளம்புவதையும் காப்பி அடித்து வந்து, பக்கத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த ஞானசேகரன் அந்தச் சமயம் பார்த்துத் திரும்பினார்.

"வேளாங்கண்ணிக்குங்களா? நடந்தேவா சார்?"

அவர் குரலில் மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. பெனிட்டோவின் காதில் அது தேன் மாதிரி விழுந்தது.

"ஆமா சார்" என்றார் பெனிட்டோ. "இந்த ஏரிக்கரை எல்லாம் சும்மா, காலு பழகறதுக்கு."

அங்கேயே அது முடிந்திருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்த ஃபாதர், இந்த வருஷ நடைப்பயணத்துக்கு முதல் ஆளாக முன்வந்திருக்கும் சகோதரர் பெனிட்டோவுக்காக ஜெபிக்கச் சொன்னார். யாருக்கும் சொல்லாமல் இருட்டில் தனியாகத் தவம் மாதிரிப் பயிற்சி செய்கிறாராம். பெனிட்டோவுக்கு வேர்த்துக் கொட்டியது. எழுந்து நின்று இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ரோஸி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அந்தப் பார்வையைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரருதான்" என்று அவள் சொன்னது உதட்டசைவிலேயே தெரிந்தது. பெனிட்டோ எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "எங்கிட்டகூட சொல்லலையே நீங்க" என்று ரோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டு செய்யறதுக்கு நான் இன்னா ஞானசேகரனா?"

அன்று மத்தியானம் கோழிக் குழம்பில் காலும் அவருக்கே, ஈரலும் அவருக்கே.

சந்தோஷம் சாயங்காலம்வரைதான். கோயில் ஜனம் வரிசையாக வர ஆரம்பித்தது. என் பேருக்கு இந்த மெழுகுவத்தியை ஏத்திடு என்று ஒருத்தர். முட்டி வலிக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக் கால் என்று ஒரு அம்மா. வீடு கட்டி முடிய வேண்டும் என்று வெள்ளி வீடு கொடுத்தார் ஒருத்தர். பிள்ளை வரத்துக்குத் தொட்டிலே வந்தது. ஹாலில் நடக்க இடமில்லை. ஏரிக்கரை மூன்று சுற்றுக்கே நாக்குத் தள்ளுகிறது, வேளாங்கண்ணி எந்த மூலையில் இருக்கிறது! பெனிட்டோவுக்கு ராத்தூக்கம் போயிற்று.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் அவருக்கு மேலே கோவிந்தராஜ் என்று ஒரு மேனேஜர். சொந்த மச்சான் கல்யாணத்துக்கே அரை நாள் லீவு கேட்டவனை, "பொண்ணு கழுத்துல தாலி கட்டப்போறது நீயா?" என்று திருப்பி அனுப்பியவர். அவரிடம் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டால் என்ன ஆகும்? கத்துவார். கத்தினதை அப்படியே ஃபாதரிடம் சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

"எதுக்குய்யா அத்தனை நாள்?" என்று கோவிந்தராஜ் ஆரம்பத்தில் நன்றாகத்தான் கத்தினார்.

"வேளாங்கண்ணிக்கு நடந்து போலாம்னு சார். வேணாம்னா விட்டுடறேன் சார்."

கோவிந்தராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், எம்புள்ளையே மாதா குடுத்த புள்ளைய்யா. டாக்டருங்க கைய விரிச்சப்போ எங்கம்மா அங்கதான் போய் அழுதாங்க. உன்னை நான் தடுப்பேனா? ஸ்டோர்ஸை நான் பாத்துக்கறேன். நீ நல்லபடியா போய்ட்டு வா."

மறுநாள் கம்பெனி ஆட்டோவில் ஒரு மெழுகுவத்தி வந்து இறங்கியது. அது பெனிட்டோவின் தோள் உயரம் இருந்தது.

லீவு கைகொடுக்கவில்லை என்றதும் முழங்காலை நம்பினார். மருந்துக் கடையில் பட்டை வாங்கி முட்டியில் சுற்றிக்கொண்டு, சரியாகக் கிறிஸ்துதாஸ் வருகிற நேரத்தில் வாசலில் நொண்டினார்.

"மூட்டு நழுவிடுச்சிண்ணே. எனக்குக் குடுத்து வெக்கல. இந்த வருஷம் முடியாது போல கீது."

கிறிஸ்துதாஸ் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சோதனைடா தம்பி. மாதா பிரியமானவனைத்தான் சோதிப்பா. இந்த வலியோட வர்றேன்னு நிக்கறியே, உன்னை விட்டா வேற யாரு? கொடியை நீதான் புடிக்கற. எல்லாருக்கும் முன்னாடி நீதான் போற."

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லண்ணே!"

"வாயால சொல்லணுமா? மூஞ்சைப் பாத்தாலே தெரியுதே" என்று கிறிஸ்துதாஸ் கண் கலங்கப் போய்விட்டார்.

இனி ஒரே வழிதான் பாக்கி. ரோஸியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. அன்று சாயங்காலம் அவள் காவி வேட்டிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டோ எதிரே போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ரோஸி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"நானும் ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லலேன்னா மறந்துடுவேன். மேல் வீட்டு ஞானசேகரன் சாரும் வேளாங்கண்ணிக்குப் பேர் குடுத்துட்டாராம்."

பெனிட்டோ துள்ளி எழுந்தார். நழுவின மூட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அவரா? அவரு நெத்தி நெறைய விபூதி பூசறவராச்சே!"

"மாதா நெத்தியைப் பாத்தா கூப்பிடறாங்க? லோகநாயகி சொல்லிச் சொல்லிப் பூரிக்கறா. அவரு நடக்கற வேகத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேந்துடுவாரு, இல்ல?"

உள்ளே என்னவோ பற்றிக்கொண்டு எரிந்தது. வெறுங்கால் இவருடையது, ஏரிக்கரை அதிகாலை இவருடையது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கடைசியில் வேளாங்கண்ணியையும் விட்டுவைக்கவில்லையே அந்த ஈரோட்டுக்காரர்!

"கொடி எங்கையில கீது ரோஸி. என்னைத் தாண்டி ஒருத்தன் போயிடுவானா?"

"அதானே" என்றாள் ரோஸி. "ஆமா, ஏதோ சொல்லணும்னு வந்தீங்களே?"

"வேட்டிக்குக் கஞ்சி போடு. அதான்."

கிளம்புகிற நாள் கோயில் வாசலில் பேண்டு வாத்தியம், மாலை, பட்டாசு. ரோஸி அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் தழுதழுத்தாள். கொஞ்சம் தள்ளி லோகநாயகியும் ஞானசேகரனுக்குத் தழுதழுத்துக்கொண்டிருந்தாள். யார் மனைவி அதிகம் அழுகிறாள் என்று பெனிட்டோ ஓரக்கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தார். தன் பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் என்று பட்டது.

நடை தொடங்கியதும்தான் கூத்து. கொடியோடு பெனிட்டோ முன்னால் போனார். ஞானசேகரன் பக்கத்தில் வந்தார். பெனிட்டோ எட்டி வைத்தார். ஞானசேகரனும் எட்டி வைத்தார். பாடி மேம்பாலம் வருவதற்குள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுப் பாடி வந்த கூட்டம் எங்கேயோ பின்தங்கிவிட்டது. கூடவே வந்த வேனிலிருந்து கிறிஸ்துதாஸ் மைக்கில் கத்தினார்.

"கொடி புடிச்ச சகோதரரே, மெதுவா! விபூதி பூசுன சகோதரரே, நீங்களும்தான்!"

யார் கேட்டது? பகலெல்லாம் இப்படியே போய், சாயங்காலம் வண்டலூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியபோது இருவரும் பேச்சு மூச்சில்லாமல் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். கால் வைக்க உப்புப் போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். அண்டாக்கள் போதவில்லை. ஒரே அண்டாவில் இரண்டு கால் பெனிட்டோவுடையது, இரண்டு கால் ஞானசேகரனுடையது. அதிலும் யார் காலில் கொப்புளம் பெரிசு என்று பெனிட்டோ எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஞானசேகரன் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வேலையா இருப்பாளுங்க" என்று அசடு வழிந்தார்.

பெனிட்டோவுக்குப் பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் பறந்தது. ஓடட்டும், பறக்கட்டும், தட்டையான வயிற்றை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? வழியில் கிடக்கிற புருஷனின் போனை எடுக்கக்கூட வீட்டில் ஆளில்லை! தன் வீட்டில் என்ன நிலைமை என்று இந்த ஆளும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று ரோஸிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு, இருவருக்கும் நடுவில் பிடித்தார். முதல் மணியிலேயே ரோஸி எடுத்தாள்.

"ரோஸி, சாப்ட்டியா?"

"இன்னாத்த சாப்பிடறது? நீங்க இல்லாம ஊடே வெறிச்சுனு கீது. ஒரு வாய் எறங்கல."

பெனிட்டோ ஞானசேகரனைப் பார்த்தார். ஞானசேகரன் அண்டாவைப் பார்த்தார்.

"அழாத ரோஸி. நான் இன்னா தொலைஞ்சா போய்ட்டேன்?"

"காலு வலிக்குதா?"

"மாதா புண்ணியத்துல வலியே இல்ல. இங்க செல பேருதான் ரொம்ப தளந்து போய்ட்டாங்க."

"நீங்க உடம்பைப் பாத்துக்கங்க. அங்க வீடியோ பாத்துகினு உக்காராம சீக்கிரம் தூங்குங்க. வெச்சிடறேன்."

ஞானசேகரனின் முகத்தில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை நாள் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பெனிட்டோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸி வைப்பதாகச் சொன்னாளே தவிர வைக்கவில்லை. போனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. டி.வி.யில் பாட்டு ஓடியது. இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பைக் கேட்டதும் ஞானசேகரன் அண்டாவிலிருந்து காலை எடுத்துவிட்டார். பெனிட்டோவின் விரல் அணைக்கிற பொத்தானைத் தேடி ஓடுவதற்குள், லோகநாயகியின் குரல் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"ஏனுங் ரோஸியக்கா, காலைல ஒரு மணி நேரம் வெளிய போனாப் போதும்னு எங்கூட்டுக்காரரை நீங்களும் உங்கூட்டுக்காரரை நானும் புகழ்ந்து வெச்சதுக்கே முழுசாப் பத்து நாளு கெடச்சிருக்குதுங்க, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வெக்கோணும்னா இந்தவாட்டி மொதல்ல யாரைப் புகழோணும்?"